புதியவர் கையில் மைப் பேனா

இருபது ஆண்டுகள் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிப் பழகிய ஒருவரிடம் மைப் பேனாவைக் கொடுத்தால், முதல் வரியிலேயே அவர் அழுத்துவார். பால்பாயிண்ட் பேனாவின் மை கெட்டியான எண்ணெய்ப் பசை. முனையிலுள்ள சிறு குண்டு தாளில் உருண்டால்தான் அது வெளியே வரும். குண்டு உருள அழுத்தம் வேண்டும். மைப் பேனாவில் இருப்பதோ சாயம் கரைத்த தண்ணீர். நிப்பு தாளைத் தொட்டாலே மை இறங்கிவிடும். அழுத்தினால் நிப்பின் இரு கூறுகளும் விரியும், கோடு தடிக்கும், தாள் கீறும், எழுத்து பின்பக்கம் தெரியும். ‘இது சரிப்படாது’ என்று அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நண்பர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் மைப் பேனாவை அறிமுகப்படுத்தும் முயற்சிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. குறை பேனாவில் இருப்பது அரிது. தாள் சரியில்லாமல் இருக்கும். அல்லது கை இன்னும் பழைய பேனாவின் பழக்கத்திலேயே இருக்கும். நல்ல பேனா ஒன்றை வாங்கிப் பரிசளிப்பதோடு அறிமுகம் முடிந்துவிடுவதில்லை. தாள், மை, நிப்பு, கை நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அந்த நான்கில் தாளுக்கே முதலிடம்.

பேனா இயங்கும் விதத்தை விளக்க விருத்தாசலத்தைவிடத் தோதான ஊர் கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணோடு வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக் களிமண் இங்கே வந்து அகல் விளக்காகவும் பொம்மையாகவும் ஃபியூஸ் கட்டையாகவும் மாறுகிறது. பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வார்க்கும் பட்டறைக்குள் போனவர்கள் ஒரு காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கூழ்போலக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றி வைப்பார்கள். அச்சின் சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் கூழிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சும். சுவரோரமாகக் களிமண் ஒரு படலமாகக் கெட்டிப்படும். போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை நிற்கும். உறிஞ்சுவதற்கு மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. குறுகலான வழியில் திரவம் தானாக ஏறும் நுண்புழைத்தன்மையே அந்த வேலையைச் செய்கிறது. பல முறை வார்த்த அச்சு ஈரம் ஏறி உறிஞ்ச மறுத்துவிட்டால் அதை வெயிலில் காய வைப்பதும் இங்கே எல்லோரும் அறிந்ததே.

மைப் பேனாவுக்குள் நடப்பதும் இதுதான். நிப்பின் நடுவே ஓடும் பிளவு தலைமுடி அளவுக்குக் குறுகியது. நிப்பின் அடியில் நாக்கு என்று சொல்லப்படும் கட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் நீளவாக்கில் மெல்லிய கால்வாய்கள் வெட்டப்பட்டிருக்கும். மை கால்வாய் வழியாக வந்து, பிளவில் நிறைந்து, முனையில் நிற்கும். முனை தாளைத் தொட்டதும், பிளவைவிட நுண்ணிய இழை இடுக்குகள் கொண்ட தாள் அதை இழுத்துக்கொள்ளும். இழுக்கப்பட்ட மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போனால்தான் அடுத்த துளி இறங்கும். மை வெளியே வருவதும் காற்று உள்ளே போவதும் அந்தக் கட்டையின் வழியாகவே நடந்தாக வேண்டும். பேனா செய்யப் புகுந்தவர்களை நெடுங்காலம் திணற வைத்தது இந்தக் கணக்குதான்.

மையைத் தன்னுள்ளே வைத்திருக்கும் எழுதுகோல் பற்றிய ஆசை பழையது. பத்தாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட ஃபாத்திமித் கலீஃபா அல் முயிஸ், கையில் கறை படாத அத்தகைய எழுதுகோலைச் செய்யச் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. பாரிசில் படித்துக்கொண்டிருந்த ருமேனியர் பெட்ராகே போயனாரு 1827இல் பிரெஞ்சுக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் மை சீராக இறங்கும் கட்டையை வடிவமைத்து, 1884இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, பேனாவை வியாபாரப் பொருளாக நிலைநிறுத்தியவர் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன். ஒப்பந்தத் தாளில் மை கொட்டி அவர் ஒரு வாடிக்கையாளரை இழந்தார் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. விளம்பரத்துக்கு அழகாகப் பொருந்தும் கதைகளை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

தமிழ் நாட்டில் எழுதுவதும் மை பூசுவதும் நெடுங்காலம் இரண்டு தனி வேலைகளாக இருந்தன. எழுத்தாணி ஓலையைக் கீறும்; கீறலில் பிறகு கரியும் இலைச்சாறும் கலந்து தடவித் துடைத்தால் எழுத்து தெரியும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தாள் வந்த பிறகு கடுக்காயையும் அன்னபேதியையும் கொண்டு மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, எழுதும்போது வெளிறியும் காற்றுப் பட்டதும் கறுத்தும் போகும் மை அது. ஐரோப்பியப் பத்திரங்களில் ஓக் மரத்து மாசிக்காய்களைக் கொண்டு காய்ச்சிய மைக்கும் இதே ரசாயனந்தான். பிறகு, மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவும் எஃகு நிப்பும் வந்தன. அந்தக் காலத்து மைக்கூடுகளில் பல பீங்கானால் ஆனவை.

இந்தியாவில் மைப் பேனா சுதேசி இயக்கத்தின் பிள்ளை. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1930களின் தொடக்கத்தில் பேனா செய்யத் தொடங்கினார். அவர் செய்த பேனா ஒன்று தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா மூலமாகக் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று காந்தி 1935இல் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். மையின் கதையும் அப்படித்தான். மும்பையில் தண்டேகர் குடும்பத்தார் 1931இல் மைத் தூளும் மை வில்லையும் விற்றுத் தொடங்கிய தொழில் பிற்பாடு கேம்லின் ஆயிற்று. வங்காளத்தில் 1934இல் தோன்றிய சுலேகா பிற்காலத்தில் மூடிக் கிடந்து, மீண்டும் திறந்து, இப்போது பழையபடி பேனா மை விற்கிறது. பெங்களூரின் பிரில் மை தமிழ்நாட்டுப் பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டின் பங்கு இதில் சிறியதன்று. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ பல தலைமுறைகளாகப் பேனா விற்றும் பழுது பார்த்தும் வருகிறது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் எபோனைட் தண்டிலிருந்து கடைசலில் ஒவ்வொன்றாகக் கடையப்படுகின்றன. எபோனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். அது மையைத் தள்ளாமல் தன்மீது பரவவிடும் என்பதால் நாக்குக் கட்டை செய்ய இன்றும் அதையே மேலென்று சொல்வார்கள். காராச்சேவுக்குப் பேர்போன சாத்தூர் ஒரு காலத்தில் நிப்புக்கும் பேர்போனது. தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, பிளந்து, முனை தேய்க்கும் வேலை அங்கே குடிசைத் தொழிலாகப் பல வீடுகளில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளின் மலிவான பேனாக்களுக்கு வேண்டிய நிப்பு அப்படிக் கிடைத்தது. பால்பாயிண்ட் பேனா பரவியதும் அந்தத் தொழில் தேய்ந்தது. பிரோ சகோதரர்கள் 1938இல் காப்புரிமை பெற்ற பால்பாயிண்ட், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் முழுமூச்சாக நுழைந்தது 1980களிலும் அதற்குப் பின்னும்தான். நீல மூடி போட்ட வெள்ளை ரெனால்ட்ஸ் பேனாவை அந்தத் தலைமுறை மறந்திருக்க முடியாது.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மைப் பேனாவை அறிமுகம் செய்ய வேண்டியவர்கள் இரண்டு வகையினர். ஐம்பதைத் தொட்டவர்களுக்கு அது புதிதன்று. அவர்களிடம் இருப்பது பழைய மனக்குறை. சட்டைப் பையில் படர்ந்த நீலக் கறை, விரலில் ஒட்டிய மையைத் தலையில் துடைத்துக்கொண்டது, திறக்க வராத கழுத்தைப் பல்லால் கடித்துத் திருகியது, மை கசியாமலிருக்க மரையில் நூல் சுற்றியது, தேர்வு நடுவில் நின்றுபோன பேனாவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒரு சொட்டு மை கடன் வாங்கியது எல்லாம் அவர்கள் நினைவில் அப்படியே இருக்கும். சிந்திய மையைச் சாக்பீஸால் ஒற்றி எடுத்ததும் நினைவிருக்கும். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்ததுதான். பொம்மை அச்சு தண்ணீரை இழுப்பதும் அந்தச் சாக்பீஸ் மையை இழுத்ததும் ஒரே பொருளின் ஒரே குணம். இந்த வகையினரிடம் புதிய பேனாவின் பெருமையைப் பேசிப் பயனில்லை. அன்றைக்கு ஏன் கசிந்தது என்று சொன்னால் போதும்.

கசிந்ததற்குக் காரணம் சூடு. ஃபில்லரால் நேரே உடலுக்குள் மை ஊற்றும் பேனாவில், மை குறையக் குறைய உள்ளே காற்றின் இடம் பெருகும். கையின் வெப்பமோ மே மாத வெயிலோ பட்டால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதிக்கும் கீழே இறங்கிய பேனாதான் அதிகம் கக்கும். நிரம்பிய பேனாவில் விரிவதற்குக் காற்று இல்லை. அதனால் ‘பேனா முழுக்க மை இருந்ததால் கொட்டிவிட்டது’ என்று பிள்ளைகள் அடி வாங்கியதெல்லாம் வீண். நல்ல பேனாவின் நாக்கில் சீப்புப் பல்போலப் பிளவுகள் தெரியும். அப்படித் தள்ளப்பட்ட மையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வைத்த இடங்கள் அவை. சூளைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் நேரே ஊற்றும் பேனாவைத் தவிர்த்து, மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கன்வெர்ட்டர் என்ற சிறு குழாய் உள்ளே பொருத்திய பேனாவை வைத்துக்கொள்வது மேல். கன்வெர்ட்டர் கொள்வது ஒரு மில்லி லிட்டர் அளவுதான். காற்றும் அதற்கேற்பக் குறைவு. உடலின் சுவர் ஒன்று நடுவில் இருப்பதால் கையின் சூடும் நேரே ஏறாது.

முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தக் கசப்பு கிடையாது, அடிப்படையும் கிடையாது. மூடியைத் திறந்து நிப்பைத் தலைகீழாகப் பிடித்து எழுதுபவர்கள் உண்டு. மையைக் கடையில் கேட்டு வாங்கியே பழக்கமில்லாதவர்கள் உண்டு. இவர்களுக்கு முதல் பேனா விலை குறைந்ததாகவும் தொந்தரவு இல்லாததாகவும் இருக்க வேண்டும். ஆர்வம் மிகுந்த நண்பர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தங்களிடம் உள்ளதிலேயே உயர்ந்த பேனாவை எடுத்து நீட்டுகிறார்கள். வாங்குபவர் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே எழுதுகிறார். பயந்த கை இன்னும் அழுத்தும். கீழே விழுந்தாலும் கவலைப்பட வேண்டாத, எஃகு நிப்பு போட்ட பேனாவே முதல் பேனாவாக இருக்கத் தகுதியுடையது. தங்க நிப்பு அந்தக் காலத்தில் தேவைப்பட்டது, அமிலம் கலந்த மை எஃகை அரித்ததால்தான். துருப்பிடிக்காத எஃகும் மென்மையான சாய மையும் வந்த பிறகு தங்கம் வசதி, அவ்வளவே. எப்படியும் தாளைத் தொடுவது தங்கமன்று. முனையில் பற்ற வைத்த கடினமான உலோகக் குமிழ்தான்.

நிப்பின் அகலத்தைத் தமிழ் எழுத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். ஆங்கிலக் கையெழுத்தை மனதில் வைத்துச் சொல்லப்படும் யோசனைகள் இங்கே அப்படியே செல்லா. தமிழ் எழுத்து சுழிகளால் ஆனது. ‘ண’வில் சுழிக்கு மேல் சுழி; ‘ஞ’வும் ‘இ’யும் ‘ஐ’யும் ஒரு சிறு இடத்துக்குள் பல முறை திரும்புபவை. பள்ளி நோட்டின் கோட்டு இடைவெளியில் நடுத்தர நிப்பால் ஈரமாக எழுதினால் சுழியின் கண் அடைத்துப்போகும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு தெரியாமல் மை ஒரு திட்டாக நிற்கும். சிறிய எழுத்துக்காரருக்கு எஃப் என்று பொறித்த மெல்லிய நிப்பு. பெரிதாக எழுதுபவருக்கு எம். ஜப்பானியப் பேனாவின் எஃப் ஐரோப்பியப் பேனாவின் எஃபைவிட ஒரு படி மெல்லியதாக இருக்கும். அவர்களுக்கும் சிறு இடத்தில் பல கோடு போடும் எழுத்துதானே. ஷாங்காயில் செய்த ஹீரோ பேனா தமிழ்நாட்டில் அத்தனை பேர் பையில் இருந்ததற்கு அதன் விலையும் ‘ஃபாரின்’ பெருமையும் மட்டுமே காரணமல்ல. அதன் மெல்லிய கோடு தமிழுக்குப் பொருந்தியது.

கையெழுத்து அழகாகிவிடும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. மைப் பேனா கையின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அழுத்தம் குறைவதால் நீண்ட நேரம் எழுதுபவரின் விரல் வலியும் குறையும். கோணல் எழுத்தை நேராக்கும் சக்தி எந்த நிப்புக்கும் இல்லை. அப்படி நம்பி வாங்கியவர்தான் மிக விரைவில் பேனாவை மேசை இழுப்பறைக்குள் போடுகிறவர்.

மையைப் பொறுத்தவரை புதியவருக்குச் சொல்ல வேண்டியது ஒரே விதி. புட்டியின் மேல் ஃபவுண்டன் பேனா மை என்று போட்டிருக்க வேண்டும். ஓவியத்துக்கான இண்டியன் இங்க், ஸ்டாம்ப் பேட் மை, பீங்கானில் படம் எழுதும் வண்ணம், வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மை எதையும் பேனாவுக்குள் விடக் கூடாது. இண்டியன் இங்கில் கரித்தூளும் அரக்கும் இருக்கும். காய்ந்தால் பீங்கான் மேல் சுட்ட பளபளப்புப்போல ஒட்டிக்கொள்ளும். கடுக்காய் மையில் சேர்க்கும் பிசின் தொட்டெழுதும் நிப்புக்கு நல்லது, கால்வாய்க்கு எமன். தொடங்குபவருக்கு நீலம் போதும். சாதாரண நீல மை துணியிலிருந்தும் கையிலிருந்தும் பெருமளவு கழுவினால் போய்விடும். அதே காரணத்தால் காசோலையிலும் பத்திரத்திலும் அது ஆகாது; தண்ணீர் பட்டால் எழுத்து கரையும். அத்தகைய இடங்களுக்கு நீர் படினும் அழியாத நிலை மை தனியாக விற்கிறார்கள். அலுவலகத்தில் நிறத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. பச்சை மை என்றால் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து என்பது தமிழ்நாட்டில் ஊறிப்போன வழக்கம். ஆசையாக வாங்கிய மயில்பச்சையைக் கோப்பில் ஓட்டிவிட்டு மேலதிகாரியிடம் விளக்கம் சொல்லும் நிலைமையைப் புதியவருக்கு உண்டாக்க வேண்டாம்.

இனி, தாள். ஒரே பேனா, ஒரே மை, ஒரே கை. ஒரு தாளில் கோடு கம்பிபோல நிற்கும், அடுத்த தாளில் வேர்விட்டுப் பரவும். வேறுபாடு தாள் செய்யும்போது சேர்த்த பசையில் இருக்கிறது. தாள் இழைகளின் வலை. பசை போதாத தாளில் இழை இடுக்குகள் திறந்து கிடக்கும். தண்ணீர் மை அவற்றின் வழியே ஓடும். செய்தித்தாளில் எழுதிப் பார்த்தால் இது உடனே தெரியும். பசை நன்கு ஏறிய தாளில் மை மேலாக நின்று, மெல்ல உள்ளே போய், ஓரம் கூர்மையாகக் காயும். பீங்கானில் இதே வேறுபாட்டைச் சூட்டின் அளவில் காணலாம். குறைவாகச் சுட்ட மண் நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு துளை. முழுக்க வெந்த மின்காப்பான் பீங்கானை உடைத்து, சாயக் கரைசலில் அழுத்தத்தோடு ஊற வைத்தாலும் ஒரு துளி உள்ளே ஏறக் கூடாது. அப்படி ஏறுகிறதா என்று பார்ப்பதே அதற்கான தரச் சோதனைகளில் ஒன்று. தாளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலான நிலை வேண்டும்.

அந்த நடுநிலை எந்தப் பக்கமும் தவறலாம். கல்யாணப் பத்திரிகைக்கும் பளபளப்பான காலண்டருக்கும் பயன்படும் ஆர்ட் தாளின் மேலுள்ள பூச்சில் வெள்ளைக் களிமண் சேர்வதுண்டு. விருத்தாசலத்தில் பொம்மையாகும் கயோலின் வகைதான். நன்கு நசுக்கி மெருகேற்றிய அந்தப் பூச்சில் மை உள்ளே போகாமல் மேலேயே கிடக்கும். எழுதி நேரமான பிறகும் விரல் பட்டால் இழுபடும். கொரியர் ரசீதும் வங்கி இயந்திரம் கக்கும் சீட்டும் இன்னும் மோசம். மறுபுறம், மலிவான ரஃப் நோட்டு மையைக் குடித்துப் பின்பக்கத்தையும் கெடுக்கும். கனம் மட்டும் பார்த்து வாங்குவதிலும் ஏமாற்றம் உண்டு. எழுபது கிராம் தாளில் அருமையாக எழுதும் பேனா, நூறு கிராம் தாளில் பரவுவதைப் பார்க்கலாம். பசையையும் மேற்பரப்பையும் எண்ணாமல் கிராமை மட்டும் நம்பியதன் விளைவு அது. கரூர் மாவட்டத்துப் புகளூரில் கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் எழுதும் தாளும் நகல் தாளும் அலுவலகங்களில் எளிதாகக் கிடைப்பவை. அறிமுகத்துக்கு அத்தகைய நகல் தாளில் பத்துப் பதினைந்து எடுத்து, அடியில் கோடு போட்ட அட்டை ஒன்றை வைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் கட்டுக்குக் கட்டு தாளின் குணம் மாறுவதுண்டு. வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். மை நிறைந்த நிப்பைத் தாளில் மூன்று எண்ணும் வரை வைத்திருந்து எடுக்க வேண்டும். வட்டமான பொட்டாக நின்றால் தாள் நல்லது. ஓரம் முள் முள்ளாக நீண்டால் வேறு தாள் பார்க்க வேண்டும்.

புதியவரிடம் முதலில் நீட்ட வேண்டியது இந்தத் தாளைத்தான். பேனா அதற்குப் பிறகு. அவரிடம் ஏற்கெனவே ஒரு பழைய பேனா இருந்தால் அதையே கழுவி மை நிரப்பித் தரலாம். தாள் மாறியதும் அதே பேனா வேறு பேனாபோல எழுதுவதைப் பார்த்தவருக்கு மேலே விளக்கம் தேவைப்படாது.

முதல் பாடம் கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பால்பாயிண்டைச் செங்குத்தாக நிறுத்தி எழுதும் பழக்கம் இருக்கும். மைப் பேனாவின் உடல் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில் சாய்ந்து படுக்க வேண்டும். நிப்பின் பிளவு எழுதுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேனா உருண்டால் ஒரு கூறு மட்டும் தாளில் பட்டுக் கோடு விட்டுவிட்டு வரும். பேனாவின் சொந்தக் கனத்துக்கு மேல் எந்தக் கனமும் வேண்டியதில்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பேனாவின் பின்முனையை ஒரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரை எழுதச் சொன்னால் கை தானே இளகும். முதலில் நீண்ட அலைகள், பிறகு ‘ட’, ‘ப’, ‘ம’ போன்ற திறந்த எழுத்துகள், பிறகு சுழிகள். மேல்நோக்கிப் போகும் கோடுகளில், முக்கியமாக ‘கி’, ‘கீ’ என்று மேலே வளையும் விசிறியில், நிப்பு தாளைத் தள்ளிக்கொண்டு போவதால் கரகரக்கும். அந்த இடத்தில் கனத்தை இன்னும் விட வேண்டும்.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது புள்ளி. ஒரு வரியில் ஐந்தாறு மெய்யெழுத்துகள் சாதாரணம். பால்பாயிண்ட்காரர் புள்ளியைக் குத்துவார். நிப்பைக் குத்தினால் இரு கூறுகளும் விலகி, ஒரு துளி மை இறங்கி, அதை அடுத்த எழுத்தின் மேல் வரும் கை இழுத்துக்கொண்டு போகும். ஓலைக்காரர் கிழியுமென்று விட்ட புள்ளியை மைப் பேனாக்காரர் தொட்டு எடுக்க வேண்டும், குத்தக் கூடாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பக்கத்தின் பாதித் திட்டுகள் மறையும்.

இடக்கையால் எழுதுபவருக்கு இன்னொரு சங்கடம். தமிழ் இடமிருந்து வலமாக ஓடுவதால் அவர் கை ஈரமான எழுத்தின் மேலேயே நகரும். மெல்லிய நிப்பு, சீக்கிரம் காயும் மை, தாளை வலப்பக்கம் சாய்த்துக் கையை வரிக்குக் கீழே வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் உதவும். பளபளப்பான தாள் அவருக்கு அறவே ஆகாது.

எல்லா வேலைக்கும் மைப் பேனாவே என்று பிடிவாதம் பிடிப்பது அறிமுகத்தைக் கெடுக்கும். பீங்கான் பட்டறையில் சரக்கு அனுப்பும் சீட்டும் பில்லும் கார்பன் வைத்து மூன்று படியாக எழுதப்படுகின்றன. கார்பனுக்கு அழுத்தம் வேண்டும். மைப் பேனாவால் இரண்டாவது படியே விழாது. களிமண் தூசி பறக்கும் இடத்தில் திறந்த நிப்பு வைத்திருப்பதும் சரியல்ல. நுண்ணிய களிமண் மையோடு சேர்ந்து கால்வாயில் படியும். அங்கெல்லாம் பால்பாயிண்ட் இருக்கட்டும். பாடக் குறிப்பு எழுதும் ஆசிரியர், கோப்பில் குறிப்புரை எழுதும் அலுவலர், ஆய்வக நோட்டு எழுதும் பீங்கான் தொழில்நுட்ப மாணவர், நாட்குறிப்பு எழுதுபவர் ஆகியோரிடம்தான் மைப் பேனா தங்கும். தினம் ஒரு பக்கமாவது எழுதுபவரைத் தேர்ந்து அறிமுகம் செய்ய வேண்டும். கையெழுத்து போடுவதற்கு மட்டும் பேனா எடுப்பவரிடம் நிப்பு காய்ந்துபோகும். காய்ந்த பேனாவை இரண்டாம் முறை யாரும் எடுப்பதில்லை. கொடுப்பதற்கு நாள் பார்ப்பதென்றால், பேனாவையும் புத்தகத்தையும் பூஜையில் வைத்து எடுக்கும் சரஸ்வதி பூஜைக்கு மறுநாளைவிட வேறு நாள் தேட வேண்டியதில்லை.

தீர்ந்ததும் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைக் குறைக்கலாம் என்பது இப்போது பலர் சொல்லும் காரணம். கேரளத்தில் ஹரித கேரளம் இயக்கம் பயன்படுத்தித் தீர்ந்த பேனாக்களைப் பள்ளிகளில் சேகரித்ததும் அந்த நோக்கத்தில்தான். காரணம் நியாயமானது, ஆனால் புட்டி மை வாங்கினால் மட்டுமே. சிறு பிளாஸ்டிக் குப்பிகளாக வரும் கார்ட்ரிட்ஜைப் போட்டுப் போட்டு எறிந்தால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். தீர்ந்த கார்ட்ரிட்ஜில் ஊசியில்லாத சிரிஞ்சால் மறுபடி மை நிரப்பலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பராமரிப்பு எளிது. மாதம் ஒரு முறை, அல்லது மையின் நிறம் மாற்றும்போதெல்லாம், சாதாரணத் தண்ணீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். வெந்நீர் ஆகாது, எபோனைட் வெந்நீரிலும் வெயிலிலும் நிறம் மங்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில், கடைசியாக ஒரு முறை குடிநீரில் அலசிவிட்டால் நிப்பில் உப்புப் படியாது. கழுவிய பேனாவின் நிப்பைக் கீழ்நோக்கி ஒரு பழந்துணியில் நிறுத்தி வைத்தால் மிச்ச ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். பையில் வைக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் நிப்பு மேலே பார்த்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் எழுதப்போவதில்லை என்றால் மையைக் கொட்டிக் கழுவிக் காய வைத்துத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

நின்றுபோன பேனாவைப் பிளேடால் பிளவில் கீறுவதும், நிப்பைத் திண்ணையில் தேய்ப்பதும் பள்ளிக்கால வைத்தியங்கள். முதலாவது பிளவை நிரந்தரமாக அகலமாக்கும்; இரண்டாவது முனையிலுள்ள கடினக் குமிழைத் தேய்த்து எடுத்துவிடும். குமிழ் போன நிப்பு தாளை அறுக்கும். அதற்கு மாற்று நிப்புதான் வழி. பெரும்பாலும் நின்றுபோவது காய்ந்த மையால் என்பதால் ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்தாலே சரியாகிவிடும். அப்படியும் கோடு விட்டுவிட்டு வந்தால் இரு கூறுகளும் மேலும் கீழுமாக ஏறியிருக்கும். உருப்பெருக்கியில் முனையைப் பார்த்தால் அது தெரியும். நகத்தால் மெல்ல அழுத்திச் சமன் செய்யலாம். அதற்குத் துணியாதவர் சென்னையிலோ திருவள்ளூரிலோ உள்ள பேனாக்காரர்களிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம்.